வெள்ளிக்கிழமைப் பால்

பாயான் பாரு குடியிருப்பில் எங்கள் வரிசை வீட்டு வாசல் முழுக்க சிமெண்டு. மண் என்றால் தொட்டி மண்தான். அப்படி ஒரு தொட்டியில் என் கறிவேப்பிலை ஆள் உயரத்துக்கு நின்றது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, இல்லை என்றால் பொய்.

பக்கத்து வீட்டு அக்கா காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என்னைக் கேட்டுவிட்டு இரண்டு கொத்து ஒடித்துக்கொள்வார். கணவரை இழந்தவர். எங்கள் ஆட்கள் கல்யாண மண்டபத்தில் அவரைப் பின்வரிசைக்கு அனுப்புவார்கள், நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதிரே வந்தால் முகம் சுளிப்பார்கள். நான் அப்படியில்லை என்று எனக்கு ஒரே பெருமை. மகள் நிச்சயதார்த்தத்தில் முதல் தட்டை அவர் கையில்தான் கொடுத்தேன். அதை நாலு பேரிடம் சொல்லியும் காட்டினேன்.

திடீரென்று செடி வாடியது. மண் ஈரமாக இருந்தும் இலை மஞ்சளாகிப் பொலபொலவென்று கொட்டியது. தண்ணீர் போதவில்லையாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். ஒரு நாள் அக்கா வேலியருகே வந்து, "என்னம்மா, செடி இப்படி ஆயிருச்சு?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ!

"தினம் உங்க கண்ணு பட்டா வேற எப்படிக்கா ஆகும்?"

ஊர் அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னதை நான் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் செடி செத்தது. பிடுங்கினேன். சீச்சீ, என்ன நாற்றம்! வேரெல்லாம் கறுத்திருந்தது, விரலால் இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. ஒரு துண்டைப் பையில் கட்டி, பாலிக் புலாவில் நாற்று விற்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். முகர்ந்ததுமே சொல்லிவிட்டார்.

"வேர் அழுகல்லா இது. அடியில தண்ணி நின்னுருக்கு. என்னம்மா ஊத்தினீங்க? புளிச்ச வாடை வருது."

வெள்ளிக்கிழமைதோறும் சாமி அறையில் சின்ன வேலுக்குப் பால் அபிஷேகம் செய்வேன். அந்தப் பாலைச் சாக்கடையில் விடலாமா? கால்படாத இடம் என்று செடியடியில் ஊற்றிவந்தேன். எல்லார் வீட்டிலும் செய்வதுதான். ஆனால் என் தொட்டியின் ஓட்டை சிமெண்டுத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஊற்றியது வெளியே போக வழியில்லை.

நம்ப மனம் வரவில்லை. நம்பினால் அக்காவிடம் சொன்னதற்கு என்ன பதில்? போனில் தேடித் தேடிப் படித்தேன். அந்த அண்ணனிடமே இரண்டு நாற்று வாங்கி, யார் கண்ணும் படாதபடி சமையலறைக்குப் பின்னால் வைத்தேன். ஒன்றைத் தரையிலேயே விட்டு, வெள்ளி தவறாமல் பால் ஊற்றினேன். இன்னொன்றைச் செங்கல் மேல் ஏற்றி, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். இரண்டும் செத்தால் பால்மேல் பழியில்லை, சாகட்டும் என்றுதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேண்டிக்கொண்டேன்.

பால் குடித்தது சில வாரங்களில் அழுகிப்போனது. மற்றது தளதளவென்று வளர்ந்தது.

வளர்ந்ததை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அவர் வந்தார், கிரில் கதவைத் திறக்கவில்லை.

"என் தப்புதான்கா. பால் ஊத்தி நானே வேர அழுக வச்சிட்டேன். ரெண்டு செடி வச்சுச் சோதிச்சுப் பார்த்துட்டேன். உங்க மேல ஒண்ணும் இல்லக்கா."

"சோதிச்சுப் பார்த்தியா?" என்றார். குரல் உயரவே இல்லை. "ரெண்டும் செத்திருந்தா இங்க வந்திருப்பியாம்மா?"

தொட்டியைக் கிரில் பக்கம் நீட்டினேன்.

"செடிய எடுத்துட்டுப் போ. எனக்கு வேணாம்லா."

வந்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.