லீவு முடியும்வரை எங்கள் பரணில்

கல்யாணமாகி தாராவிக்கு வந்த முதல் ஏப்ரலிலேயே எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்கா காலேஜ் ஹாஸ்டலிலிருந்து கைவண்டி கைவண்டியாக ட்ரங்க் பெட்டிகளும் படுக்கை சுருட்டிய ஹோல்டால்களும் வாளிகளும் எங்கள் சந்துக்குள் வந்து இறங்கின. பின்னாலேயே ஒரு கூட்டம் பையன்கள், வேர்த்து விறுவிறுத்து. பரீட்சை முடிந்துவிட்டது, ஹாஸ்டலைப் பூட்டப் போகிறார்கள், ஜூனில்தான் திறப்பார்கள். இத்தனை சாமானையும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பத் தூக்கிவர யாரால் முடியும்? அதனால் எங்கள் வீட்டுப் பரணில் வைப்பதாம். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் தகரப்பெட்டி செய்கிறவர். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் ஒற்றை அறையில் நாங்கள், மேலே பம்பாய்க்காரர்கள் மாளா என்று சொல்கிற மரப்பரண். அவரிடம் பெட்டி வாங்கிய பையன் ஒருவன் எப்போதோ கேட்க, இவர் தலையாட்ட, அதுவே வழக்கமாகிவிட்டது. ரயில்வே ஸ்டேஷனில் சாமான் வைக்கக் கேட்கிற வாடகையில் கால்வாசிகூட வாங்கமாட்டார். கையில் காசில்லாத பையன் திரும்பி வரும்போது கொஞ்சம் கருப்பட்டி கொண்டுவந்தால் போதும். "சும்மா கிடக்கிற எடந்தானே" என்பார். சும்மா கிடக்கிற இடமாம்! ஒரே அறையில் மாமியாரோடு புதுப்பெண் எங்கே படுப்பாள் என்று ஒரு மனிதன் யோசிக்க வேண்டாமா? அந்தப் பரண் மேல் நான் எவ்வளவு ஆசை வைத்திருந்தேன் தெரியுமா?

மாமிக்கோ அந்தப் பிள்ளைகள் மேல் உயிர். என் வீட்டுக்காரர் "உம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டு அவர்களும் உம்மா, உம்மா என்றே கூப்பிடுவார்கள். திருநெல்வேலி, கோயம்புத்தூர், தஞ்சாவூர் என்று எந்த ஊர்ப் பிள்ளையானாலும், இந்துவோ கிறிஸ்தவனோ, பெட்டிச் சாவியை மாமி கையில் கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறுவான். மே மாதம் மாமி எல்லாப் படுக்கைகளையும் தகரக் கூரைமேல் வெயிலில் போட்டு, மூட்டைப்பூச்சி போக உதறி, வேப்பிலை வைத்துத் திரும்பக் கட்டுவார். அவ்வளவுதான், துவைப்பதில்லை. நூறு பேர் குடத்தோடு நிற்கிற தெருக்குழாயில் எவன் அழுக்கை எவள் துவைப்பாள்? ஆனால் மாமிக்கு அது பொறுக்காது. சுத்தம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். அடுத்த வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால், அந்தக் கிண்ணம் திரும்பிப் போகும்போது கண்ணாடி தோற்றுவிடும்.

மூன்றாவது வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். ஒல்லிக்குச்சி. மற்றவர்கள் கீழேயிருந்து பெட்டியை ஏற்றிக்கொடுக்க, இவன் பரணில் குந்தி உட்கார்ந்து வாங்கி அடுக்குவான். தலை உத்தரத்தில் இடிக்கும், தானே சிரிப்பான். எல்லோரும் போன பிறகும் இருந்து, நான் கேட்காமலே பட்டறையைக் கூட்டிவிட்டுப் போனான். பரணைப் பறித்த கூட்டத்தில் அவன் ஒருவனை மட்டும் எனக்குப் பிடித்துவிட்டது. "அடுத்த வருஷமும் நாந்தான் ஏறுவேன் அக்கா" என்று சொல்லிப் போனவன்.

ஜூன் தொடக்கத்தில், மழைக்கு முன்னால், அவனுடைய சிநேகிதன் தனியாக வந்தான். மாட்டுங்காவிலேயே வீடுள்ள பையன். வாசலில் நின்றபடி சொன்னான்.

"உம்மா, அவன் போயிட்டான். ஊருக்குப் போன பத்தாம் நாள் பெரியம்மை போட்டிருக்கு."

மாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவன் படுத்த பாய், போட்ட சட்டை, எல்லாத்தையும் எரிச்சுட்டாங்களாம். அவன் தொட்டதுன்னு வீட்ல ஒண்ணுகூட இல்லையாம். இங்க இருக்கிறதுதான் மிச்சம். அவங்க அம்மா அடுத்த வாரம் நேர்ல வர்றாங்க. பத்திரமா வச்சிருக்கச் சொன்னாங்க."

அவன் போனதும் மாமி பரணில் ஏறினார். அந்தப் பெட்டியையும் ஹோல்டாலையும் தானே இறக்கினார். திறந்தால், பரீட்சை முடிந்த அவசரத்தில் பையன்கள் செய்கிற வேலைதான்: புத்தகங்கள், அடியில் சுருட்டித் திணித்த அழுக்குச் சட்டைகள். காலரில் கறுப்புப் பட்டை, பையில் மசிக்கறை. ஹோல்டாலில் தலையணை, உறையெல்லாம் எண்ணெய், உள்ளே இலவம்பஞ்சு கட்டிகட்டியாக. மாமிக்குக் கண்ணீர் தாரைதாரையாக வந்தது.

"ஏ புள்ள, பெத்தவ அம்புட்டுத் தூரத்துலேருந்து வாரா. அவ கையில அழுக்கு மூட்டையாவா கொடுக்கது? ராசா மாதிரி இருந்தாம்னு தெரியாண்டாமா?"

இரண்டு நாள் நாங்கள் பட்ட பாடு! விடியுமுன் எழுந்து குழாயில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்தேன். எங்கள் வீட்டுத் துணியே துவைக்காமல் கிடந்தது. மாமி என்னைத் துவைக்க விடவில்லை, தானே துவைத்தார். மசிக்கறையை உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார், விரல் புண்ணாகிவிட்டது. சட்டைக்குக் கஞ்சி போட்டார். பஞ்சு அடிக்கிற வில்லைத் தட்டிக்கொண்டு தெருவில் போன பஞ்சுக்காரனைக் கூப்பிட்டு, பழைய பஞ்சைக் கொட்டிவிட்டுப் புதுப்பஞ்சு அடைக்கச் சொன்னார். அழுதுகொண்டேதான் எல்லாம் செய்தார். பெற்ற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி செய்தார். இதை நான் யாரிடமும் சத்தியம் செய்து சொல்வேன்.

அந்த அம்மா தன் தம்பியோடு வந்தார். என் மாமியைவிட இளையவர்தான், ஆனால் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். டீ வேண்டாம் என்றார். பெட்டி எங்கே என்று மட்டும் கேட்டார்.

மாமி பாயை விரித்துப் பெட்டியைத் திறந்து வைத்தார். மேலே தலையணை, வெள்ளை வெளேரென்று. அந்த அம்மா அதை இரண்டு கையாலும் எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது. திரும்பவும் இழுத்தார். பிறகு தலையணையை மடியில் வைத்துவிட்டு ஒரு சட்டையை எடுத்து உதறி, முகர்ந்தார். அடுத்த சட்டை. துண்டு. போர்வை. ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோனதும் அவசரமாகக் கீழே வைத்தார், அடுத்ததை எடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மாமிக்கு ஒன்றும் புரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து மடிப்பு கலையாமல் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வெளுத்திருக்கீங்க" என்றார் அந்த அம்மா.

"பின்ன? நம்ம பிள்ளையில்லா" என்றார் மாமி.

"துவைக்காதது ஏதாவது இருக்கா அக்கா? ஒரு கைக்குட்டை, பனியன்... எதுன்னாலும் சரி."

"ஒண்ணு விடாம எல்லாத்தையும்..." என்று ஆரம்பித்த மாமி நிறுத்திவிட்டார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார், மடியில் இருந்த தலையணையைப் பார்த்தார்.

அந்த அம்மா தலையணையை அழுத்திப் பார்த்தார். "இதுல இருந்த பழைய பஞ்சு? நான் அடைச்சதுதான். எங்க போட்டீங்க?"

நான்தான் சொல்லவேண்டியிருந்தது, குப்பை லாரி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று. யா அல்லா, அந்தச் சொல்லை என் வாயால் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மாமியின் புண்ணான விரல்களைத் தன் கையில் எடுத்துவைத்துப் பார்த்தார். "நானா இருந்தாலும் துவைச்சுத்தான் குடுத்திருப்பேன்" என்று சொல்லும்போதுதான் உடைந்து அழுதார். அவருடைய தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியை மூடினார்.

டாக்ஸியில் ஏற்றிவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் திரும்பி வந்தபோது மாமி அதே பாயில் அசையாமல் இருந்தார். எத்தனையோ தடவை என்னைப் பாத்திரத்துக்காகவும் துணிக்காகவும் திட்டிய மனுஷி அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துக் கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"ஏ புள்ள, நான் கொஞ்சம் அழுக்காவே கொடுத்திருக்கக் கூடாதா?"