அம்மா ‘படம்’ என்று சொன்ன நாள்

ஒரு சார்பின் வளைகோட்டைக் கையால் வரைவதற்கு எங்கள் இணைந்த கணித வகுப்பில் ஓர் ஒழுங்கு இருந்தது. அது அச்சுகளை எங்கே வெட்டுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, அது நெருங்கிக்கொண்டே போகும் அணுகுகோடுகளைப் புள்ளிக்கோடாகப் போட வேண்டும். அதன்பின் வகையிட்டு, சாய்வைத் தரும் பெறுதி பூச்சியமாகும் இடங்களைக் கண்டுபிடித்தால் வளைகோடு எங்கே திரும்புகிறது என்று தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் பென்சிலை வைக்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது. கோடு எங்கே போகப் போகிறது என்று போட முதலே அறிந்திருப்பது, அந்த நாட்களில் வேறெதிலும் கிடைக்காத ஆறுதல்.

சுனாமி கல்லாற்றில் எங்கள் வீட்டையும் அப்பாவையும் கொண்டுபோய் இரண்டு வருடம் கடந்திருந்தது. அம்மாவும் நானும் வாவிக்கு மேற்கே, மண்டூரில், மாமா வீட்டில் இருந்தோம். ரியூசன் கிழக்குக் கரையில். சனிக்கிழமை காலைகளில் ‘பாதை’யில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அக்கரையில் இறங்கியதும் படையினரின் சோதனைச் சாவடி.

பொம்பிளைப் பிள்ளைகள் தனியே போய் வந்த காலமல்ல அது. பக்கத்து வளவுப் பிள்ளை ஒருத்தி வகுப்புக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. ஆகவே அம்மா என்னோடே வருவார். வகுப்பு முடியும்வரை வேலியோரம் குந்தியிருப்பார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல் நாள் பின்னேரம் வாவிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டிருந்தது. மாமா போக வேண்டாம் என்றார். பரீட்சை வருகிறது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

சாவடியில் என் பையைக் கொட்டினார்கள். சீருடைக்காரன் ஒருவன் கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்து ஒரு பக்கத்தில் நின்றான். x இன் வர்க்கத்தை, x இலிருந்து ஒன்றைக் கழித்து வருவதால் வகுக்கும் சார்பு அது. மேலிருந்து கீழாக ஒரு புள்ளிக்கோடு, சரிந்து ஏறும் இன்னொரு புள்ளிக்கோடு. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. அவை திரும்பும் இரண்டு இடத்திலும் குண்டுப் புள்ளி வைத்து, உச்சியான உயர்வுக்கு ‘உ’ என்றும் அடியான இழிவுக்கு ‘இ’ என்றும் எழுதியிருந்தேன். நுனிகளில் அம்புக்குறி. அவனுடைய விரல் புள்ளிக்கோட்டின் வழியே மெல்ல நகர்ந்தபோதுதான் அந்தப் பக்கத்தை அவன் கண்ணால் பார்த்தேன். இரண்டு கரை, நடுவில் ஒரு வழி, அடையாளம் வைத்த இரண்டு இடம்.

சீருடை இல்லாமல், துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற, தமிழ் பேசும் ஒருவனைக் கூப்பிட்டார்கள்.

“இது எந்த இடம்?”

“இடமில்ல அண்ணா, கணக்கு.”

“கணக்கெண்டா இலக்கமெல்லோ இருக்கும். ‘உ’ எண்டா ஆரு?”

“ஆளில்ல. உயர்வு.”

“என்ன உயர்வு?”

நான் குண்டுப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவன் கொப்பியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனான். அம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். என்னை மெச்சிச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“அது படம் தம்பி. புள்ள நல்லாப் படம் கீறுவா. எந்நேரமும் இருந்து படம்தான் கீறுற.”

எங்கள் பேச்சில் பூவைக் கீறினாலும் படம், தேசப்படமும் படம். அவன் திரும்பிச் சிங்களத்தில் என்னவோ சொன்னான். அதில் தேசப்படத்துக்கான ‘மெப்’ என்ற ஒரு சொல் எனக்கு விளங்கியது. பாதையில் எங்களோடு வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள்.

அம்மாவைப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். என்னைத் தகரக் கொட்டில் ஒன்றுக்குள் மேசை முன்னால் இருத்தினார்கள். எதிரே அதிகாரி. தமிழ் பேசுபவன் என் தோளுக்குப் பின்னால் நின்றான்.

“கணக்கெண்டா, பாக்காமத் திரும்பச் செய்யட்டாம். ரெண்டும் ஒண்டா வரவேணுமாம்.”

வராவிட்டால் என்ன என்று அவன் சொல்லவில்லை. ஒரு கடதாசியும் பேனையும் தந்தார்கள். பேனையால் எழுதினால் அழிக்க முடியாது.

முதல்நாள் கொப்பியில் வரைந்தது எப்படியிருந்தது என்று மூளையில் ஒன்றுமே இல்லை. முதலிலிருந்து தொடங்கினேன். அச்சுகளைப் போட்டேன், புள்ளிக்கோடுகளைப் போட்டேன். வகையிட்டேன். திரும்பும் இடங்கள் இரண்டு வந்தன: ஒன்று பூச்சியத்தில், மற்றது பூச்சியத்துக்கு இடப்பக்கம் இரண்டு தள்ளி.

வளைகோட்டைப் போடப் போனபோது பேனை நின்றுவிட்டது. வலப்பக்கக் கோடு உச்சியிலிருந்து இறங்கி வந்து, பிறகு சரிந்த புள்ளிக்கோட்டை ஒட்டி மேலே ஏற வேண்டும். இறங்கியது ஏறுவதென்றால் எங்கோ திரும்பத்தான் வேண்டும். என் விடையில் அந்தப் பக்கம் திரும்பும் இடமே இல்லை. எங்கோ பிழை விட்டிருந்தேன். வெட்டித் திருத்தினால் பொய்யை மாற்றுகிறேன் என்று நினைப்பார்கள். திருத்தாவிட்டால் இரண்டும் ஒன்றாக வராது. பின்பக்கத்திலிருந்து அம்மாவின் சத்தம் ஏதும் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

வரிவரியாக மேலே போனேன். மூன்றாம் வரியில் கழித்தல் வர வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டிருந்தேன். வெட்டினேன்.

“ஏன் வெட்டுறாய்?”

“பிழை விட்டிற்றன் அண்ணா. குறி மாறிப்போச்சு.”

“குறியா? என்ன குறி?” அவன் குரல் மாறியது. துவக்கின் வார் உரசும் சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

“கூட்டல், கழித்தல்... அந்தக் குறி.” எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இரண்டாவது திருப்பத்தை வலப்பக்கம் கொண்டுபோய் வைத்து, வளைகோட்டை இழுத்தேன். அது சேர்ந்தது.

அதிகாரி கொப்பியிலிருந்த பக்கத்தைக் கிழித்து, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டாவதைச் சின்னதாக வரைந்திருந்தேன், அளவு பொருந்தவில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தாள்களைப் பிரித்துப் பக்கம் பக்கமாக வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு, இரண்டையும் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

“போகட்டாம்.”

அம்மா ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார். மற்றதை எடுக்க நிற்கவில்லை. வகுப்புக்குப் போகாமல் அடுத்த ‘பாதை’யிலேயே ஏறித் திரும்பினோம். மண்டூர் வரும்வரை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை அம்மா விடவில்லை. அந்த இடம் கண்டிப்போயிருந்தது.

“இனிக் கடதாசியில கீறாதகா புள்ள,” என்று மட்டும் வீட்டு வாசலில் சொன்னார்.

நான் வளவு மணலில் தென்னை ஈர்க்கால் வரைந்து, பார்த்துவிட்டுக் காலால் அழித்தேன். நான் வரையும் நேரமெல்லாம் அம்மா வேலிப் படலையில் நின்றார். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எனக்கு முதல் அவர் வெளிறிப்போவார். அப்படியே படித்துப் பரீட்சை எழுதினேன். வளைகோட்டுக் கேள்வி வந்தது. சித்தியடைந்தேன்.

போர் முடிந்ததென்று வானொலி சொன்ன நாளில் அக்கரையிலிருந்து வெற்றியைக் கொண்டாடிச் சீனவெடி கொளுத்தும் சத்தம் கேட்டது. அம்மா வந்து கதவைச் சாத்திவிட்டு நிலத்தில் இருந்தார்.

“இனி அந்தக் கடதாசியத் தூக்கிற்று வரமாட்டாங்கதானே?”

“அது வெறும் கணக்குத்தானே அம்மா.”

“உன்ட படமில்ல. நான் கையெழுத்து வச்ச கடதாசி.”

அப்போதுதான் சொன்னார். நான் கொட்டிலுக்குள் வரைந்துகொண்டிருந்தபோது பின்பக்கத்தில் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். மேலே இரண்டு வரி சிங்களம், கீழே முழுதும் வெறுமை. கையெழுத்து வைத்தால் பிள்ளையை விடுவோம் என்றார்களாம். என்ன எழுதியிருந்தது, பிறகு என்ன எழுதினார்கள் என்று அவருக்குத் தெரியாது. என் மேல்தான் எதையோ எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று இரண்டு வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஏனம்மா சொல்லல்ல?”

“நீ படிச்சிக்கொண்டிருந்தாய்.”

அந்தக் கடதாசியோடு இன்றுவரை யாரும் வரவில்லை. அன்று நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அக்கரையில் வெடி ஓயும்வரை இரண்டு பேரும் கதவைத் திறக்கவில்லை.