மூச்சைப் பார்க்கப் போய் நாற்றம் தெரிந்தது

மூக்கு நுனியில் மனதை வைத்து, வருகிற மூச்சை வருகிறது என்றும் போகிற மூச்சைப் போகிறது என்றும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று அந்தப் புத்த பிக்கு சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதைச் சொல்லவா ஒரு மனுஷன் ரங்கூனிலிருந்து கப்பலேறி வர வேண்டும்? மூச்சு பாட்டுக்கு வருகிறது, போகிறது. அதைப் பார்க்க என்ன இருக்கிறது?

ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் எங்கள் சேரி ஆட்கள் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, பௌத்த சங்கம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஞ்சசீலம் சொல்வார்கள், பத்திரிகை படிப்பார்கள். பிறப்பால் யாரும் தாழ்ந்தவன் இல்லை என்று அங்கே பேசியது எனக்குப் பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்காருவதுதான் விளங்கவில்லை. எனக்கு ஒரு விஷயம் விளங்காவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. அடுத்த ஞாயிறும் போய் உட்கார்ந்தேன்.

போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் ஆள் இல்லை.

நான் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தேன். ஊறிய தோலைக் குழியிலிருந்து இழுத்துப் போட்டு மயிர் நீக்குவது என் வேலை. என் மனைவி ஒடுகத்தூர்ப் பக்கம், மலையடிவாரத்தில் வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலி வேலை செய்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் எனக்குச் சோறு போடும்போது அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டதைப் பார்த்துவிட்டேன்.

"இன்னாடி அது?"

"நாத்தம் வருது மாமா."

"குளிச்சிட்டுத்தான வந்து குந்தியிருக்கேன்? எனக்கு ஒரு நாத்தமும் தெரியல. ஒனக்குத் திமிரு."

"இருக்குறதச் சொன்னா திமிரா?"

"அப்ப ஒங்கம்மா வூட்டுக்கே போயி நல்லா மூச்சு வுடு!"

மறுநாள் காலையில் துணி மூட்டையோடு போய்விட்டாள். ஒரு மாதம் கழித்து அவள் அண்ணன் வந்து, அவளை அழைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டான். "அவ சொன்னது பொய்யினு ஒத்துக்கினு வரட்டும்" என்று திருப்பி அனுப்பினேன். ஆறு மாதம் ஓடியது. அவள் வரவில்லை, நானும் இறங்கி வரவில்லை. அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் செய்தது சரி என்பதில் மட்டும் துளி சந்தேகமும் இருக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறுதான் மூச்சு கொஞ்சம் பிடிபட்டது. உள்ளே போகும்போது மூக்கு நுனி குளிர்கிறது, வெளியே வரும்போது சுடுகிறது. முப்பது வருஷமாக என்னிடம் இருக்கிற மூக்கில் இப்படி ஒன்று நடப்பது எனக்கே தெரியாது! அந்த ஆச்சரியத்தில், மறுநாள் காலை ஷாப்பு கேட்டில் சங்கு ஊதட்டும் என்று காத்து நின்றபோதும் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் மூச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவது மூச்சில் முகத்தில் அறைந்த மாதிரி நாற்றம் வந்தது.

ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தேன். வேலிக்குப் பின்னால் போய்த் தேடினேன். ஒன்றும் இல்லை. எங்கள் ஷாப்புதான் நாறிக்கொண்டிருந்தது, நான் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்த அதே ஷாப்பு.

பக்கத்தில் நின்ற கூட்டாளியைப் பிடித்து உலுக்கினேன். "நாத்தம் வருதா ஒனக்கு?"

"எங்கே?"

"இங்கதான். இந்த எடத்துல."

"காலங்காத்தால பேஜார் பண்ணாதே" என்று அவன் உள்ளே போய்விட்டான்.

அன்றைக்கு நான் வேலை செய்ததைவிட மோந்து பார்த்ததுதான் ஜாஸ்தி. எல்லாம் ஒரே நாற்றம் என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுண்ணாம்புக் குழியின் வாடை மூக்கைக் குத்தும். உப்புத் தோல் அடுக்கிய கொட்டடியில் பழைய கருவாட்டு வாடை. தோலிலிருந்து சீவிப் போட்ட ஜவ்வு மேடுதான் குடலைப் புரட்டுவது. தோலைப் பதமாக்கும் ஆவாரம்பட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் போனால் நனைந்த மரத்தின் வாசனை, நன்றாகவே இருக்கும். கொஞ்ச நேரம் நின்றால் எல்லாமே மறைந்துவிடும். வெளியே போய் மூச்சைப் பார்த்துவிட்டு வந்தால் மறுபடி வரும். புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி நான் உள்ளேயும் வெளியேயும் போய் வந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி திட்டினார்.

பிக்குவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், ரங்கூனில் வளர்ந்த தமிழர். சாமி என்று கூப்பிட வேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார், நாங்களும் சாமி என்றே கூப்பிட்டுக்கொண்டிருப்போம்.

"மூச்சப் பாக்கச் சொன்னீங்க சாமி. எனக்கு நாத்தமில்ல வந்துடுச்சு. இது நல்லதா கெட்டதா?"

அவர் யோசித்தார். "எனக்குத் தெரியலியே" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். "என்னைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுவீங்களா?" என்று அவரே கேட்டார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அழைத்துப் போனேன். சுண்ணாம்புக் குழி வரை தைரியமாக வந்தார். ஜவ்வு மேட்டைப் பார்த்ததும் ஆவாரம்பட்டைக் குவியல் பக்கம் ஓடி வாந்தி எடுத்தார். காவித் துணியெல்லாம் தெறித்துவிட்டது. நான் தண்ணீர் ஊற்ற, வாய் கொப்புளித்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்பதைக் கவனித்தேன். எங்கள் ஷாப்பைப் பார்த்து ஒருவர் வாந்தி எடுத்திருக்கிறார், எனக்கு ஏன் கோபம் வரவில்லை?

"நாத்தம் வந்தா வந்துச்சுன்னு தெரிஞ்சுக்குங்க. போனா போச்சு. அதோட நீங்களா ஒண்ணையும் சேர்த்துக்காதீங்க. எனக்குச் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான்" என்றார் அவர்.

நான் என்னத்தைச் சேர்க்கிறேன்? இதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று தினமும் கேட்டில் நின்று பார்த்தேன். நாலாம் நாள் பிடிபட்டது. நாற்றம் வந்த கையோடு ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் நினைவில் வந்தது.

அது எங்கள் பள்ளிக்கூட வாத்தியாருடையது. என் அப்பாவும் தோல் ஷாப்பில்தான் இருந்தார். என் சிலேட்டைப் பார்க்க வேண்டும் என்றால் வாத்தியார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் குனிவார். மற்ற பிள்ளைகளும் அவரைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டேன். படிப்பு ஏறாததால் நின்றேன் என்று வீட்டில் சொன்னேன். அது பொய். அந்தக் கைக்குட்டையைத் தாங்க முடியாமல்தான் நின்றேன்.

அவள் முந்தானையில் நான் பார்த்தது அந்தக் கைக்குட்டையைத்தான்.

அடுத்த ஞாயிறு சங்கத்துக்குப் போகவில்லை. இந்த நாற்றம் எவ்வளவு தூரம் வருகிறது, எங்கே முடிகிறது என்று நடந்து பார்க்கலாம் என்று விடியற்காலையிலேயே கிளம்பினேன். ஒடுகத்தூர்ப் பாதையில் போனேன். நடந்து பார்க்க வேறு பாதைகளும் இருந்தன என்பது வாஸ்தவம்.

பாலாற்று மணலைத் தாண்டி நின்று மோந்தேன், இருந்தது. இரண்டு ஊர் தாண்டினேன், இருந்தது. காற்று எதிரே வீசியும் போகவில்லை. பிறகுதான் உறைத்தது. ஷாப்பு எங்கோ பின்னால் இருக்கிறது. நாற்றம் என் சட்டையில் இருக்கிறது, கை மயிரில் இருக்கிறது, நகக்கண்ணில் இருக்கிறது. வழியில் ஒரு கிணற்றடியில் சட்டையைத் துவைத்துக் குளித்தேன். மண்ணைப் போட்டுத் தேய்த்தேன். கொஞ்சம் கம்மியானது, போகவில்லை. ஈரச் சட்டையோடு மேலே நடந்தேன்.

வெயில் ஏறும்போது அவள் ஊர்க் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தேன். வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். புது மண்ணும் பச்சைக் கடலையுமாக அந்த இடமே மணத்தது. இந்தக் காற்றில் வளர்ந்தவள் ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் எனக்கு அப்போது அதிசயமாக இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூட இருந்த பெண்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நீ சொன்னது நெசந்தான்" என்றேன்.

"இன்னா சொன்னேன்?"

அவளுக்குத் தெரியும். என் வாயால் வரட்டும் என்று நின்றாள்.

"எம்மேல நாத்தம் வருது."

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த செடியை உதறி மண்ணைத் தட்டினாள்.

"அதச் சொல்லவா இத்தினி தூரம் நடந்து வந்த?"

"ஆமா. பொய்யினு சொன்னது என் தப்பு."

"நாத்தம் வருதுன்னுதான் மாமா சொன்னேன். நீ வேணாம்னு எப்ப சொன்னேன்?"

அவள் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்ததை மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மூக்கை மூடினாள், நாத்தம் வருது என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னது, இருக்கிறதைச் சொன்னால் திமிரா என்பது மட்டும்தான். மீதி எல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டது. அத்தனை பேர் பார்க்க வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

இன்னும் இரண்டு நாள் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். நானும் பொழுது சாயும்வரை கடலை பிடுங்கிவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் வந்தாள். அன்றைக்கும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் சோறு போட்டாள். நான் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.