சாம்பிராணி போட்ட பெட்ரோல் டாங்கி

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்துவந்த என் தாய்மாமா, ஏலக்காயைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். யுத்தகாலத்தில் விமானக் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தவர். ஊர் திரும்பி ஏழெட்டு வருஷமாகியும், சொந்தமாக ஒரு விமானம் செய்யாமல் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் மூங்கிலும் மரச்சட்டமுமாக அது வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டே இருக்கைகள். பின்னிருக்கை எனக்குத்தான் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்ததால் பள்ளிக்கூடத்தில் என் கால் தரையில் பாவவில்லை.

பெட்ரோல் டாங்கிக்குத் தகரம் வேண்டியிருந்தது. அத்தை ஏலக்காய் கொட்டிவைக்கும் பெரிய தகரப் பெட்டிமேல் மாமா கண் வைத்தார். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு அத்தை ஒரு நிபந்தனையோடு கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை பொழுது சாயிறதுக்குள்ள ஒழுகாம நிக்கணும். ஒரு சொட்டு விழுந்துச்சு, திரும்ப எடுத்துக்கிருவேன். பிளேனு சோலியும் அதோட முடிஞ்சுச்சு."

மாமா தகரத்தை வெட்டி மடக்கினார். விமானம் சாயும்போது பெட்ரோல் ஒரே பக்கம் ஓடிவிடாமலிருக்க, உள்ளே ஓட்டை போட்ட தடுப்புகள் வைத்தார். மூட்டுகளில் ஈயம் பற்றவைத்தார். வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். சொட்டியது. மூட்டு வழியே ஓடிவந்து சொட்டியதால் ஓட்டை எங்கே என்றுதான் தெரியவில்லை. எங்கே அடைத்தாலும் அதே சொட்டு. பொழுது இறங்க இறங்க என் இருக்கை பறிபோவது தெரிந்து அழ ஆரம்பித்தேன்.

"அழாத ஆத்தா, ஈயத்தைக் கொண்டா வெரசா" என்றார் மாமா. அவர் குரலும் அழாத குறைதான்.

அந்நேரம் அத்தை சாம்பிராணித் தூபக்காலோடு வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் வீடு முழுக்கப் புகை காட்டிவிட்டுக் கடைசியாகக் கிட்டங்கிக்கு வருவது அவள் வழக்கம். எங்கள் இருவர் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தண்ணியக் கொட்டிட்டுக் கவுத்துப் பிடிங்க."

டாங்கியின் வாய்க்கு நேர் கீழே தூபக்காலை வைத்து விசிறினாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்க மூலையிலிருந்து புகை கசிந்தது.

"இந்தா, இங்கெதான்."

மாமா அங்கே பற்றவைத்தார். மறுபடி தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டு விழவில்லை! மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். இனி எஞ்சின் ஒன்றுதான் பாக்கி என்று கூவினார். கடைசிவரை அது பாக்கியாகவே இருந்தது. தன் தகரத்தைத் தானே வந்து தோற்றுவிட்டுச் சிரிக்கிறாளே இந்த அத்தை என்று எனக்கு இரக்கமாக இருந்தது.

அத்தை பின்னிருக்கையைத் தடவிப் பார்த்தாள். பக்கத்துச் சிலமலையில் பிறந்து போடிக்கு வாக்கப்பட்டு வந்ததுதான் அவள் போன தூரம்.

"ஏங்க, இதுல போனா இந்த மலை மெட்டுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு தெரியுமா?" என்று மாமாவைக் கேட்டாள்.

அவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் பாத்துட்டு வந்து சொல்றேன் அத்தை!"

அவள் இருக்கையிலிருந்து கையை எடுத்தாள்.

"சரி ஆத்தா. நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அத்தைக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்யப்போகிறேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.