ரெமிஹியோவின் சட்டைப்பையில் ஓர் ஆப்பு

சிலோயே தீவில் மழை வருஷத்துக்கு இரண்டே தடவைதான் பெய்யும். ஒவ்வொரு தடவையும் ஆறு மாசம். அந்த ஈரத்தில் மரம் அறுக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். தச்சன் ரெமிஹியோவிடம் அது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

அவனுடைய மஞ்சள் மின்வாளின் வட்டப் பல்லுக்கு அடியில் ஒரு காவல் தகடு உண்டு. மரத்துக்குள் தள்ளும்போது தகடு பின்னுக்குப் போகும். வெளியே எடுத்ததும் ஸ்பிரிங் இழுக்க ‘டக்’கென்று மூடிக்கொள்ளும். ஈர மரத்தில் தூள் களிமண்ணாய் அப்பி, தகடு சும்மா சும்மா சிக்கியது. தள்ளித் தள்ளி அலுத்துப்போனவன், நகத்தளவு ஆப்பு ஒன்றைச் சீவி, தகடு திறந்தபடியே நிற்குமாறு இடுக்கில் செருகிவிட்டான். வேலை பறந்தது. கடித்தால் என்னைத்தானே கடிக்கும் என்பது அவன் நினைப்பு.

கடித்தது அவனை அல்ல.

விதவை தொனாத்தா மேட்டிலிருந்து கடலோரத்துக்குக் குடிபோனாள். அந்தத் தீவில் குடிபோகிறவர்கள் வீட்டையும் கூடவே கொண்டுபோவார்கள். அடியில் உருட்டுக்கட்டைகளைக் கொடுத்து, மாடுகளைப் பூட்டி, ஊரே சேர்ந்து இழுக்கும். கூலி கிடையாது, வயிறு முட்டச் சாப்பாடும் பாட்டும்தான். அன்றைக்கு எட்டு ஜோடி மாடு வந்தது. அதில் ஒரு ஜோடி எவ்வளவு பெரிது என்றால், கொம்புகளுக்கு நடுவே கடற்பறவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. அது ஒனோஃப்ரேயுடைய ஜோடி. ரெமிஹியோவின் மனைவி தெயோலிந்தாவுக்கு அவன் அண்ணன். அக்கார்டியன் வாசிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

“மாப்ளே, அந்த வாளைக் குடு. இந்த முட்டுக்கட்டை துருத்திக்கிட்டு நிக்குது.”

“நானே வந்து அறுக்குறேன் மச்சான்.”

“ஏன், நான் தொட்டா உன் வாளுக்கு வெக்கம் வந்துடுமா? குடுடா.”

ஆப்பு நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு வெட்டுதானே என்று ரெமிஹியோ நீட்டிவிட்டான்.

ஒனோஃப்ரே அறுத்தான், விசையை விட்டான். தகடு மூடியிருக்கும் என்று நம்பி, எல்லோரும் வைப்பதைப் போலப் பக்கத்துக் கட்டைமேல் வாளை வைத்தான். பல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வாள் நண்டு மாதிரி கட்டைமேல் ஓடி, அவன் ஊன்றியிருந்த இடது கைமேல் ஏறியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின.

ஊரே அவனைத் தூக்கிக்கொண்டு படகுக்கு ஓடியது. வாளோடு தனியாக நின்ற ரெமிஹியோ மின்கம்பியைப் பிடுங்கினான். பிறகு ஆப்பையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தகடு ‘டக்’கென்று மூடியது. பின்னால் வந்து பார்த்தவர்களுக்கு அதைவிட ஒழுக்கமான வாள் உலகத்திலேயே இல்லை.

பழி ஆப்பிள் கள்ளின்மேல் விழுந்தது. காலையில் ஒனோஃப்ரே இரண்டு கோப்பை குடித்திருந்தான். “போதையில நான்தான் தப்பா வச்சிருப்பேன்” என்று அவனே நம்பி, இனித் தொடுவதில்லை என்று தேவாலயத்தில் சத்தியம் செய்தான். அந்த வருஷம் குடிக்க ஆளில்லாமல் மிஞ்சிய ஆப்பிளைத் தின்று தீவுப் பன்றிகள் வாசலில் நுழைய முடியாமல் கொழுத்தன. அக்கார்டியன் கட்டிலுக்கு அடியில் சாக்குக்குள் போயிற்று.

ரெமிஹியோ ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்கு விறகு சுமந்தான். “உன்னை மாதிரி மாப்பிள்ளை எவனுக்குக் கிடைப்பான்!” என்பான் ஒனோஃப்ரே. அன்றிரவு ரெமிஹியோ அடுப்பின் முன்னால் உட்காருவான். ஆப்பைத் தூக்கி அதில் போடக் கை வரவில்லை. துணி துவைக்கும்போது தெயோலிந்தா கேட்டாள்: “என்னய்யா இது, சட்டைக்குச் சட்டை மாறி மாறி வருது?”

“பல்லு குத்த.”

“யாருக்கு, திமிங்கலத்துக்கா?”

மறுவருஷம் கடல் ரெமிஹியோவின் கொல்லையைத் தின்ன ஆரம்பித்தது. அவன் வீட்டையே இழுத்தாக வேண்டும். அதற்கு அந்த ஊரில் ஒரு முறை இருந்தது. வீட்டுக்காரனே வாசல் வாசலாகப் போய், தொப்பியைக் கழற்றி, வீட்டின் குறைகளை ஒன்றுவிடாமல் சொல்லித்தான் உதவி கேட்க வேண்டும். இற்ற உத்திரத்தை மறைத்தால் இழுக்கிறவன் தலையில் விழும் அல்லவா?

ஒனோஃப்ரேயின் வாசலில் நின்றான்.

“வீட்டை இழுக்கணும் மச்சான். உங்க மாடு வேணும்.”

“குறையைச் சொல்லு.”

“வடக்கு உத்திரம் செல்லரிச்சிருக்கு. சமையல் மூலையில தரை இத்துப்போச்சு.”

“அவ்வளவுதானா?”

ரெமிஹியோ சட்டைப்பைக்குள் கையை விட்டான். ஆப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். “அன்னைக்கு வாள்ல இது இருந்துச்சு. தகடு மூடாம இருக்க நான்தான் சொருகினேன். உங்ககிட்ட குடுக்கும்போதும் தெரியும். அப்புறம் உருவி ஒளிச்சதும் நான்தான்.”

ஒனோஃப்ரே அதை வாங்கி, மிஞ்சிய மூன்று விரல்களால் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என் மக கல்யாணத்துல கூட வெறும் தண்ணி குடிச்சேன்டா” என்றான் மெதுவாக. “என் தங்கச்சி என்னைக் குடிகாரான்னு திட்டி அழுதா. நீ பக்கத்துல நின்னு அவளுக்குக் கைக்குட்டை குடுத்த.”

“அடிச்சிடுங்க மச்சான்.”

“அடிச்சா உனக்கு லேசாயிடும். மாட்டேன். மாடு வரும். கயிறு கட்டறதுக்கு முன்ன எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லு. மொதல்ல என் பேரைக் கழுவு. அப்புறம் உன் வீட்டை இழு.”

அந்த நாளும் வந்தது. ரெமிஹியோ கட்டைமேல் ஏறிச் சொன்னான். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த தெயோலிந்தாவின் கத்தி நின்றது. பிறகு, வந்திருந்த தச்சர்களில் ஒருவன் குனிந்து தன் வாளிலிருந்து எதையோ உருவினான். இன்னொருவன் தகட்டைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தான். மூன்றாமவன் ஓர் ஆணியைப் பிடுங்கினான். டக், டக், டக். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வீடு நகர்ந்தது. சாப்பாட்டின்போது ஒனோஃப்ரே ஒரு கோப்பை கள் ஊற்றி, ரெமிஹியோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தான். அக்கார்டியன் வாசிக்கவில்லை. தெயோலிந்தா ஒன்பது நாள் புருஷனுடன் பேசவில்லை. அவன் கை பழக்கத்தில் சட்டைப்பையைத் தடவும். பை காலியாக இருக்கும். கனம் மட்டும் போகவில்லை.

அதன்பின் யார் வாள் கேட்டாலும் ரெமிஹியோ மின்கம்பியைப் பிடுங்குவான், தகட்டைத் தள்ளி இரண்டு தடவை மூடிக் காட்டுவான், “பல்லு நிக்கிற வரைக்கும் கீழ வைக்காதே” என்பான். “அதுக்குள்ள நான் கடிச்சே அறுத்திருப்பேன்” என்று ஊர் சிரித்தது.

ஒருநாள் வேலியோரம் ஒனோஃப்ரே வந்து நின்றான். “வாளைக் குடு.”

ரெமிஹியோ மின்கம்பியைப் பிடுங்கி, தகட்டைத் தள்ளி விட்டான். டக். மறுபடியும் டக்.

“இன்னொரு தடவ” என்றான் ஒனோஃப்ரே.