காணாமல் போகும் கைகள்

அடுத்தவர் கண்ணை மறைத்துவிட்டு அவர் கையைத் தேடிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். வி.ஆர். விளையாட்டுக் கடையில் அல்லாடும் என் இனத்தாரே, உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: முகத்தில் மாட்டும் கண்ணாடியின் முன்பக்கம் குட்டிக் குட்டிக் கேமராக்கள் உண்டு. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரை அவை பார்த்தால்தான் விளையாட்டுக்குள் உங்கள் கை தெரியும். இல்லாவிட்டால் கை அம்போ! பச்சைத் தேயிலை விலை விழுந்து, நான் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிய பிறகு, குன்னூர் ரோட்டில் இந்த வேலை கிடைத்தது. தேயிலைத் தூள் சலித்துக்கொண்டிருந்த எனக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாது.

ஜன்னல் வெயில்

முதல் நாள். கோயமுத்தூரிலிருந்து வந்த புது மாப்பிள்ளை ஒருவர் வாள் சுழற்றிக்கொண்டிருந்தார். பொண்டாட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பனிமூட்டம் விலகி, ஜன்னல் வழியாக வெயில் சுளீரென்று அடித்தது. கேமராவுக்குக் கண் கூசிவிட்டது போல. விளையாட்டுக்குள் அவர் வலது கை வாளோடு தனியாக மிதக்க ஆரம்பித்தது. நான் பதறிப்போய் பேட்டரியை மாற்றினேன், சாமியைக்கூடக் கும்பிட்டேன். திட்டப்போகிறார் என்று பார்த்தால், மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார்: "ஏனுங்க, என் கை என்னைய உட்டுப்போட்டு கேத்திப் பக்கம் போகுதுங்க!"

கம்பளித் திரை

மறுநாளே பழைய கம்பளி ஒன்றை ஜன்னலில் தொங்கவிட்டேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இருட்டிலும் கேமராவுக்குக் கண் தெரியாதாம், அது யாருக்குத் தெரியும்! அன்று வந்த குடும்பத்தில் ஒருத்தர் கையும் தெரியவில்லை. பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள்.

முதலாளி சத்தம் போடவில்லை. அதற்குத் திட்டியே இருக்கலாம்; எனக்குத் திரும்பிப் போக ஃபேக்டரியும் இல்லையே. அவர் நிதானமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறனுங்க மாலதி. அப்பவும் இப்படியே இருந்தா கடையக் கட்டிப்போட்டு ஊருக்குப் போயிருவேன்."

செல்வமணி அக்கா

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கம்பளியைப் பாதி இழுத்து, லைட்டைப் போட்டு, தயாராக நின்றேன். நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் ஊர் சுற்ற வந்து இறங்கினார்கள். முதலில் கண்ணாடி மாட்டியவர் செல்வமணி அக்கா. மரத்தில் ஆப்பிள் பறித்து எதிரே இருக்கும் கூடையில் போடும் விளையாட்டு. அக்கா இரண்டு கையாலும் படபடவென்று பறித்தார். பறித்ததையெல்லாம் தோளுக்கு மேலே, முதுகுப் பக்கம் வீசினார். தேயிலைக் கொழுந்து எடுக்கிற கை அல்லவா! பின்னால் போகும்போதெல்லாம் கை கேமராவுக்குத் தெரியாமல் மறைந்தது. எதிரே கூடை காலி.

முதலாளி வாசலில் நின்று பார்க்கிறார். போச்சு, நம்ம பொழப்பு போச்சு என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றி, தன் முதுகைத் தடவிப் பார்த்து, முதலாளியிடம் சொன்னார்: "மிஷின் நல்லாத்தான் இருக்கு ஐயா. நீங்கதான் கூடையக் கட்டிவிட மறந்துட்டீங்க."

மஞ்சப்பை

கூட வந்த பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. என் சாப்பாட்டு மஞ்சப்பையை எடுத்து அக்காவின் வயிற்றுக்கு முன்னால் கட்டி, "இதுல போடுற மாதிரி போடுங்கக்கா" என்றேன். கை முன்னாலேயே நின்றது, கூடை நிரம்பியது. உடனே "எனக்கு, எனக்கு" என்று மற்றவர்களும் வரிசை கட்டினார்கள். செல்வமணி அக்கா, நீங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது முதலாளி சொன்னார்: "நாளைக்கு வரும்போது இன்னொரு பை கொண்டாந்துருங்க மாலதி."

கொழுந்து விலை விழுந்ததில் போன என் பிழைப்பை, அத்தனை கேமராவுக்கும் தெரியாமல் போன ஒரு கொழுந்துக்காரியின் கைதான் எனக்குத் திருப்பிக் கொடுத்தது.