யாரும் பார்க்காத புழு

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள். வாயால் சொன்னால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, உங்க அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கை இது. பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் தம்பிக்கு முடிவெட்டும்போது கடைக்காரர் கத்திரியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். காதுக்கு மேலே, வழவழவென்று, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம். "புழுவெட்டு சார்" என்றார். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் என் போனில் எத்தனை வைத்தியர்கள்! ஒருத்தர் சின்ன வெங்காயம் என்கிறார். இன்னொருத்தர், மொட்டை போடு, கருகருன்னு வளரும் என்கிறார். உங்க சின்னப் பாட்டி முறை ஒருத்தர் தும்மட்டிக்காய் என்று வீடியோவே அனுப்பிவிட்டார். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பின்மண்டை எரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எரிகிறது என்றால் பாருங்கள்.

மறுநாள் தோல் டாக்டரிடம் போனோம். தம்பி, நீதான் முதலில் கேட்டாய், "அந்தப் புழு எவ்ளோ பெருசு டாக்டர்?" என்று. அவர் சிரிக்கவில்லை. "புழுவே கிடையாதுப்பா" என்றார். நோய் வராமல் உடம்பைக் காவல் காக்கிற சக்தி ஒன்று நமக்குள் இருக்கிறதாம். அது சில சமயம் ஆள் தெரியாமல் நம் முடியின் வேரையே அடித்துவிடுகிறதாம். ஒட்டாது, பரவாது. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும், சிலருக்கு நாளாகும் என்று சொல்லி ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த ஐந்து நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் நாலாவது படிக்கும்போது எங்க வீடு கடலூர் முதுநகரில். என் அக்காவுக்கு, அதாவது உங்க அத்தைக்கு, சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. எங்க பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குத் தம்பி இருந்தால் அவன்தான் மாப்பிள்ளைத் தோழன். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பில், பூ ஜோடித்த காரில், மாப்பிள்ளை பக்கத்தில் அவன் உட்கார்ந்து வருவான். மறுநாள் மணையில் மாப்பிள்ளை விரலில் மோதிரம் போடுவான். பூ வைக்க வந்த அன்றைக்கே மாப்பிள்ளை என் கன்னத்தைத் தட்டி, "கார்ல என் பக்கத்துல யாரு? நீதான்டா சின்ன மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நீல நிறத்தில் கோட்டு சூட்டு தைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தக் காரைப் பற்றி நான் விடாத கதை இல்லை.

எனக்குத் தலை வாரிவிடுகிறது எப்போதும் அக்காதான். ஒரு சனிக்கிழமை எண்ணெய் வைக்கும்போது அவள் விரல் நின்றது. "அம்மா, இங்க வாயேன்" என்றாள். பின்மண்டையில் ஒரு வட்டம். தம்பிக்கு இருக்கிறதே, அதே மாதிரி.

அன்றைக்கே என் தாய்மாமன் வந்துவிட்டார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை, குறைந்தபட்சம் எங்க தெருவில் இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புழு உள்ள பூந்துருக்கு. பகல்ல வெளிய வராது, வெளக்கு வச்சப்புறம்தான் மேயும்" என்றார். இருட்டியதும் டார்ச் எடுத்துவந்து, வீட்டு லைட்டை எல்லாம் அணைக்கச் சொல்லி, என் மண்டைக்கு மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புழு வரவில்லை. "வெளிச்சம் கண்டு உஷாராயிடுச்சு" என்றார். பக்கத்து வீட்டு அம்மா, அது கறுப்பா நூல் மாதிரி இருக்கும் என்றாள். இல்லை, வெள்ளை என்று மாமன் சண்டைக்குப் போனார். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் இதில்தான். அந்தப் புழுவை அவர்களில் ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் நிறத்துக்குச் சண்டை போடுகிறார்கள்!

முதலில் சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்த்தார்கள். அப்புறம் மாமன் எங்கேயோ வயல் வரப்பில் தேடித் தும்மட்டிக்காய் கொண்டுவந்தார். குட்டிக் கோலிகுண்டு மாதிரி இருக்கும், கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. அதை அறுத்துத் தேய்த்தால் தலையில் நெருப்பை வைத்த மாதிரி. நான் கத்தினேன். "எரியுதா? அப்ப புழு சாவுதுடா மாப்ள, பொறுத்துக்க" என்று இன்னும் அழுத்தித் தேய்த்தார். எரியாவிட்டால் மருந்து பத்தவில்லை என்பார், எரிந்தால் நன்றாக வேலை செய்கிறது என்பார். எப்படிப் போனாலும் ஜெயிக்கிறது அவர்தான், எரிகிறது நான்தான். மூன்றாம் நாள் கொப்புளம் வந்து நீர் வடிந்தது. அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார், புழுவோட விஷம் வெளிய வருதாம்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். என் தலையணை தனியாகப் போனது, துண்டு தனியாகப் போனது. என் சீப்பை ஒரு சணல் கயிற்றில் கட்டிப் பின்கதவுக்கு வெளியே, துணி துவைக்கிற கல்லுக்கு மேலே தொங்கவிட்டார்கள். காற்று அடித்தால் அது சுவரில் தட்டிக்கொண்டே இருக்கும். அக்கா எனக்குத் தலை வாருவதை நிறுத்திவிட்டாள். அம்மா அவளுக்கு ஜடை பின்னுவதைக்கூட அப்போதெல்லாம் உள்ரூம் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வாள். கல்யாணப் பெண் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில், மொட்டை அடித்தால் புழு தங்க இடம் இருக்காது, முடியும் அடர்த்தியாக வரும் என்று முடிவு பண்ணி என்னைத் திருவந்திபுரம் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். மலையில் வைத்து மழித்து, சந்தனம் பூசி, ஒரு தொப்பி போட்டு அழைத்துவந்தார்கள். பிள்ளைகளே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேரே வேலை நிறுத்தம் செய்கிற இடத்தில் மேலே மழித்து என்ன பிரயோஜனம்? கொஞ்ச நாளில் மற்ற இடத்தில் எல்லாம் கறுப்பாக அரும்பியது. அந்த வட்டம் மட்டும் பளிச்சென்று நின்றது. முடி இருந்தபோது தேடிப் பார்த்தால்தான் தெரியும். இப்போது தெருக்கோடியிலிருந்தே தெரிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். "மாப்ள பக்கத்துல இவன ஒக்கார வச்சா அவுங்க என்னா நெனப்பாங்க? ஒட்டிக்கிச்சுன்னா?" என்றார் மாமன். அப்பா மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எனக்காகப் பேசுவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அவள் புடவை மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அவன் வேணாம். சித்தப்பா பையன் ஒக்காரட்டும்" என்றாள்.

சிதம்பரத்தில் மேளம் முன்னால் போக, கார் மேலவீதியில் ஊர்ந்து வந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் சித்தப்பா பையன். அவன் போட்டிருந்தது என் கோட்டு. கை நீளமாக இருந்ததால் மடித்துவிட்டிருந்தார்கள். நான் மண்டப வாசலில் தொப்பியோடு நின்றேன். மாப்பிள்ளை இறங்கினதும் சுற்றிப் பார்த்து, "சின்ன மச்சான் எங்க?" என்று கேட்டார். "அவனுக்கு வயித்துவலி மாப்ள, படுத்துருக்கான்" என்றார் என் மாமன். நான் அவருக்கு நேர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்!

என் உடம்பெல்லாம் கோபம். அக்காவை ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கடலூருக்கு நடந்தே போய்விடுவது என்று தீர்மானித்து மாடியில் பெண் அறைக்கு ஓடினேன். கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா கண்ணாடி முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் இருந்தது கழுத்துவரைகூட இல்லாத, எலிவால் மாதிரி கொஞ்சம் முடி. இடையிடையே மண்டை தெரிந்தது. அவளுடைய நீள ஜடை மேஜைமேல் தனியாகக் கிடந்தது. அம்மா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அது சவுரி என்று இப்போது எனக்குத் தெரியும். கடையில் விற்கிற ஒட்டுமுடி. அன்றைக்குத் தெரியாது. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். என் புழு. என் தலையில் இடம் இல்லாமல் அது அக்காவின் தலைக்குப் போய்விட்டது. அதனால்தான் அவள் எனக்கு வாருவதை நிறுத்தினாள். அதனால்தான் நான் வேணாம் என்றாள். கேட்க வந்ததைக் கேட்காமலே இறங்கி, சமையல்கட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்முகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் மணையில் மோதிரம் போடுகிற நேரம். சித்தப்பா பையனை முன்னால் தள்ளினார்கள். மாப்பிள்ளை கையை நீட்டாமல், கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துவிட்டார். யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து நின்று, மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "டேய் மச்சான், தொப்பியக் கழட்டிட்டு வாடா! முடி போனா போவுது, மோதிரத்தக் குடு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய அப்பா அம்மாவும் சிரித்தார்கள். ஒருத்தர் முகமும் சுளிக்கவில்லை. யாருக்குப் பயந்து இவ்வளவும் செய்தார்களோ, அவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை.

எனக்குப் போக வேண்டும். எவ்வளவு ஆசை என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் அக்கா தலையைக் கெடுத்தது போல இவர் தலையையும் நான் கெடுத்துவிட்டால்? அவருக்கு நெற்றியில் அழகாக அலை அலையாக முடி. நான் திரும்பி ஓடினேன். "பாத்தீங்களா, எவ்ளோ கொழுப்பு" என்று மாமன் சொன்னது பின்னால் கேட்டது. உங்க அத்தை கல்யாண ஆல்பத்தில் நான் ஒரு படத்தில்கூட இல்லையே என்று பாப்பா ஒருதடவை கேட்டாய். "அப்பா எங்கேயோ விளையாடப் போயிட்டேன்" என்றேன். இதுதான் விளையாட்டு.

சில மாசம் கழித்து, வட்டத்தில் பூனைமுடி மாதிரி வெளுப்பாக ஏதோ வந்தது, அப்புறம் கறுத்தது. தும்மட்டிக்காய் வேலை செய்துவிட்டது என்று மாமன் ஊரெல்லாம் சொன்னார். அதற்கப்புறம் எத்தனை பிள்ளைகளின் மண்டையைப் பொசுக்கினாரோ.

டாக்டரிடம் போன அன்று சாயங்காலம் அத்தை போன் பண்ணினாள் அல்லவா, நான் மாடிக்குப் போய்ப் பேசினேனே, அப்போதுதான் மிச்சக் கதை எனக்குத் தெரிந்தது. அவளுக்குக் கல்யாணம் பேசுவதற்குக் கொஞ்சம் முன்னால் டைபாய்டு வந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட, மிச்சத்தையும் குட்டையாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே முடி என்று தரகர் சொல்லிவைத்துவிட்டார். முடி கொட்டினால் வம்சத்தில் நோய், பிள்ளை தங்காது என்று நம்பிக்கொண்டு வீட்டில் எல்லாரும் மறைத்தார்கள். அந்த நேரத்தில் என் தலையில் வட்டம். "தம்பி தலையைப் பாத்தா அடுத்து என் தலையைத்தானே பார்ப்பாங்க" என்று அவள் நடுங்கிவிட்டாள்.

"அன்னிக்கு நீ வேணாம்னு சொன்னனே, ஞாபகம் இருக்காடா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. நீ வாசல்ல தொப்பியோட நின்னது எனக்கு மாடி ஜன்னல்ல இருந்து தெரிஞ்சுது."

நான் என் புழு அவள் தலைக்குப் போனதாக நம்பின கதையைச் சொன்னேன். "லூசு" என்று சொல்லிவிட்டு அழுதாள். சவுரி விஷயம் மாப்பிள்ளைக்குக் கல்யாணமான முதல் வாரமே தெரிந்துவிட்டதாம். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெயிட்டு ஜாஸ்தியா இருக்கே, கழுத்து வலிக்கலயா?" என்று கேட்டாராம். அடுத்த பொங்கலுக்கெல்லாம் அவளுக்கும் தானாகவே முடி வளர்ந்துவிட்டது. ரெண்டு தலையையும் சும்மா விட்டிருந்தாலே போதும்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. புடவை மடித்துக்கொண்டே அவள் தலையைத் தூக்காமல் பேசியதை நான் பார்த்தேன். பார்த்தும், என் புழுவுக்குப் பயந்துதான் அவள் தூக்கவில்லை என்று நாலாவது படிக்கிற எனக்குப் புரிந்தது. அந்தக் கூடத்தில் என்னைவிட அதிகமாகப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தது அவள்தான் என்று புரியவில்லை.

நேற்றுக் காலை நீங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு, உங்க அம்மாவும் வேலைக்குக் கிளம்பின பிறகு, குளிக்கப் போனேன். பாத்ரூம் ஜன்னலில் தம்பியின் பச்சைச் சீப்பு தனியாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு. யாரும் வைக்கச் சொல்லவில்லை, தம்பி நீயாகத்தான் வைத்தாய் என்று எனக்குத் தெரியும்.

கவரைப் பிரித்தேன். கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சீப்பால் என் தலையை வாரினேன். முன்பக்கம் வாருவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, இருந்தாலும் முன்னாலிருந்து பின்மண்டைவரைக்கும் அவசரமில்லாமல் வாரினேன். பல்லில் ரெண்டு நரைமுடி மாட்டிக்கொண்டது. அதை எடுக்காமல், நம் எல்லார் சீப்பும் கிடக்கிற டப்பாவில் தம்பி சீப்பையும் போட்டேன்.